பத்து அரைச் சுற்று

சொன்னால் தப்பாகத்தான் சொல்லுவோம் என்பது துளசிமணிக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. எங்கே தொடங்குவது என்பதிலேயே தப்பு வந்துவிடும். இட்லிச் சட்டியில் தொடங்கினால் ஒர்க்‌ஷாப் முதலாளி லாரன்ஸ் அண்ணன், காலங்காத்தால என்ன கதை அம்மிணி என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார். ஆயில் பிளக்கில் தொடங்கினால் இரண்டாவது வார்த்தைக்குள் அவர் முகம் மாறிவிடும். முகம் மாறிவிட்ட ஆளிடம் மிச்சத்தைச் சொல்ல அவளுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. இருப்பதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லி, கடைசியில் செய்யாத தப்பையும் சேர்த்து ஒப்புக்கொண்டு நிற்பாள். பத்து வயதில் சித்தி வீட்டில் கொலுசு காணாமல் போனபோது எல்லோரும் சேர்ந்து பார்த்த பார்வையில், நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டாள்; சாயந்தரம் கொலுசு அரிசிப் பானையில் கிடைத்தது, அப்புறம் ஏன் எடுத்தேன்னு சொன்னே என்று அதற்கும் ஓர் அடி. டீசல் தட்டில் யாருடையதோ ஒரு கார்புரேட்டர் அக்கக்காகக் கிடந்தது. பிரஷ்ஷால் அதையே தேய்த்துக்கொண்டிருந்தாள், தேய்த்ததையே திரும்பத் தேய்த்தாள். மணி ஒன்பதேகால். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு இராகு காலம், அதற்குள் எஞ்சினை ஓடவிட்டுவிட வேண்டும் என்று காரின் சொந்தக்காரர் நஞ்சப்பன் சார் நேற்றே சொல்லி அனுப்பியிருந்தார். பத்தடி தள்ளி, இரும்புச் சட்டத்தின்மேல் அந்த எஞ்சின் உட்கார்ந்திருந்தது, ஐம்பத்தி நாலாம் வருஷத்துக் கறுப்புக் காருடையது, கார் இன்னும் பெயின்ட் அடிக்கிற இடத்தில் இருந்தது, எஞ்சின் மட்டும் முதலில் ஓடிக் காட்டவேண்டும். கணபதியில் இத்தனை ஒர்க்‌ஷாப் இருக்கும்போது பழைய கார் என்றால் லாரன்ஸைத் தேடித்தான் வருவார்கள்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று அவள் மறுபடியும் முதலிலிருந்து எண்ணிப் பார்த்தாள். எஞ்சின் பிளாக்கின் உடம்புக்குள்ளே முன்னாலிருந்து பின்னால்வரை விரல் தடிமனில் ஒரு நீளத் துவாரம் போகும். பம்ப் தள்ளுகிற ஆயில் அதில் வந்து, அங்கங்கே கிளை பிரிந்து, எஞ்சினின் முதுகுத்தண்டான கிராங்க் உட்கார்ந்து சுற்றுகிற பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும். துவாரத்தின் இரண்டு முனையையும் அந்தக் காலத்தில் பித்தளை முளை அடித்து மூடியிருந்தார்கள். அந்த முளையைத் துளைத்து எடுத்தால்தான் உள்ளே கறுப்பு அல்வாவாக உறைந்திருக்கும் அறுபது எழுபது வருஷத்து அழுக்கு வெளியே வரும். எடுத்துக் கழுவிவிட்டு, முனையில் மரை வெட்டி, திருகுகிற பிளக்காகப் போட்டுவிடுவது லாரன்ஸ் அண்ணனின் வழக்கம். மரை வெட்டுவது அவர். கழுவுவதும் பிளக் திருகுவதும் துளசிமணி. பின்பக்கத்துப் பிளக்கில் ஒன்றும் பயமில்லை, எவ்வளவு இறுக்கினாலும் கேடில்லை. முன்பக்கம் அப்படியில்லை. முன்பக்கத்து வாயை ஒட்டியே முதல் பேரிங்குக்குப் போகிற கிளை பிரிகிறது. அஞ்சு சுத்து அம்மிணி, அஞ்சுக்கு மேல ஒரு சுத்துப் போனாலும் பிளக்கோட மூக்கு அந்தக் கிளையை அடைச்சுரும் என்று சொல்லியிருந்தார். அடைத்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. மீட்டரில் முள் நன்றாகவே நிற்கும். முதல் பேரிங் மட்டும் எண்ணெய் இல்லாமல் காயும், ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ ஓடும், அப்புறம் சூடேறிக் கிராங்க்கைக் கவ்விப் பிடிக்கும். அந்தக் கிராங்க்கைத் தேட இரண்டு வருஷம் ஆயிற்று. எங்கோ வடக்கே ஒரு பழைய சாமான் கிடங்கிலிருந்து, சாக்கில் சுற்றி, ரயிலில் வந்தது. அதற்கு வேறொன்று கிடையாது. அஞ்சு சுற்று. பிளாக் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்திருந்தது, துவாரம் கீழ் விளிம்பை ஒட்டி இருந்தது, அதனால் பிளக்கைத் திருகுகிற எல்-கீயின் காம்பு பலகையில் இடித்தது, முழுச் சுற்று வரவில்லை. அரைச் சுற்று, உருவு, திரும்பச் செருகு, அரைச் சுற்று. அஞ்சு சுற்றுக்குப் பத்து அரைச் சுற்று. அவள் வாய்விட்டு எண்ணினாள், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒண்ணு, ரெண்டு என்று எண்ணும்போது கசியாமலிருக்க மரையில் தடவிய பச்சைப் பசை ஓரமாகப் பிதுங்கி வந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஏழு என்றபோது போன் அடித்தது.

ஏழா? போனில் அக்கா அமராவதி. அந்தப் பெரிய இட்லிச் சட்டி மூடி உங்கூட்டுலயா இருக்குது என்று எடுத்த எடுப்பில் கேட்டாள். ஒர்க்‌ஷாப்புக்குள்ளே இரும்பு தேய்க்கிற கிரைண்டர் சத்தம், துளசிமணி வாசலுக்குப் போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, இல்லக்கா, மூடி எனக்கெதுக்கு என்றாள். பொங்கலுக்கு நீதான் தூக்கிட்டுப் போனே, ஏழு குழித் தட்டு நாலும் இங்க இருக்குது, மூடியில்லாம நான் என்னத்த வேக வெக்கறது என்றாள் அக்கா. ஏழு குழித் தட்டு. அப்படியானால் ஏழு என்பது அக்காவின் வாயிலிருந்து வந்த ஏழா, தன் வாயிலிருந்து போன ஏழா? அக்கா சொன்ன ஏழைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து எட்டு என்று தொடங்கினாளா? நிஜத்தில் அஞ்சாவது அரைச் சுற்றில் நின்றிருந்தால் பிளக் குறைவாக இறங்கியிருக்கும், முனை துருத்தியிருக்கும், அதன்மேல் முன் தகடு உட்கார்ந்தே இருக்காது. தகடு உட்கார்ந்துவிட்டது. ஆகவே குறைவில்லை. குறைவில்லை என்றால் சரி, இல்லாவிட்டால் அதிகம். இந்த இடம்வரை அவளால் வரமுடிகிறது. இங்கே வந்ததும் எண்ணம் வழுக்கிப் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. ஏனென்றால் அவள் போன் பேசிவிட்டு வந்தபோது பிளாக் படுத்திருந்ததா, நிமிர்ந்திருந்ததா? நிமிர்ந்திருந்தால் எல்-கீ எதிலும் இடிக்காது. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் முழுச் சுற்றாகப் போயிருக்கும். ஏழு அரையும் மூன்று முழுசும். ஏழு அரை என்றால் மூன்றரை. மூன்றரையும் மூன்றும் ஆறரை. ஆறரை என்று வந்ததும் டீசலில் நனைந்த விரல்கள் தானாக மடங்கிக்கொண்டன. நெஞ்சு உயரத்தில் அந்தத் துவாரம் இருந்த மாதிரி ஒரு காட்சி கண்ணுக்குள் நிற்கிறது, குனியாமலே பார்த்த மாதிரி. ஆனால் அது புதன்கிழமை முன் மூடி போடும்போது பார்த்த காட்சியாகவும் இருக்கலாம். செவ்வாய்க்கிழமையே லாரன்ஸ் அண்ணன் வந்து, அஞ்சாச்சா என்று கேட்டார். ஆச்சுங்கண்ணா என்றாள். யார் எதைக் கேட்டாலும் ஆச்சுங்க என்று சொல்லிப் பழகிய வாய். அவர் பிளக்கின் ஓரத்தில் பஞ்ச் வைத்து ஒரு தட்டுத் தட்டினார், இனிக் கழன்று வராது.

புதனும் வியாழனும் அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, அதுதான் வேடிக்கை. இன்றைக்குக் காலையில் மோர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு தடையில்லாமல் ஒரு முழுச் சுற்றுப் போயிற்று, இன்னொன்று போயிற்று. இந்தச் சுகம் எனக்குத் தெரியுமே, சமீபத்தில்தானே இப்படிச் சுற்றினேன், எதில் சுற்றினேன் என்று கை யோசித்தது. அவள் யோசிக்கவில்லை, கைதான் யோசித்தது. அப்படியே பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் மோர்ப் பாட்டில் தினமும்தான் திருகுகிறாள், அந்த ஞாபகமாக ஏன் இருக்கக்கூடாது? கை சொல்வதை நம்பலாமா? எண்ணிக்கையில் அவளுக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. ஆறாம் வகுப்பில் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகளை எண்ணி ஆசிரியையிடம் சொல்லும் வேலை ஒரு வாரம் அவளுக்கு வந்தது. ஒரு நாள் நாற்பத்தொன்று என்றாள், மறுநாள் நாற்பத்திரண்டு, யாரும் புதிதாக வரவில்லை, யாரோ ஒருத்தியை விட்டுவிட்டு எண்ணுகிறாள் அல்லது ஒருத்தியை இரண்டு தடவை எண்ணுகிறாள். தன்னையே எண்ண மறந்திருக்கிறாள் என்பது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது, வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் அம்மைபோட்டு ஒரு மாசம் பள்ளிக்கூடம் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. போகச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவுமில்லை. ஆனால் இப்போது யார் விடுபட்டது? எட்டு என்று தொடங்கியபோது ஏழைச் சுற்றி முடித்திருந்தாளா, அல்லது ஏழு என்று சொன்னவுடன் போன் அடித்து ஏழைச் சுற்றாமலே போய்விட்டாளா? அப்படியானால் ஆறரை இல்லை, ஆறு. ஆறும் அதிகம்தான். ஆறாக இருந்தால் கிளையின் வாய் பாதி திறந்திருக்குமோ என்னவோ. பாதி திறந்திருந்தால் பாதி எண்ணெய் போகும். பாதி எண்ணெயில் எத்தனை தூரம் ஓடும்? நஞ்சப்பன் சார் ஊட்டிக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருந்தார்.

லாரன்ஸ் அண்ணன் திட்டமாட்டார். திட்டினால் நல்லது. குமரேசன் என்று ஒருவர் இருந்தார், அவளுக்கு முன்னாலிருந்தே வேலை பார்த்தவர், கைராசிக்காரர், ஒரு தடவை எஞ்சினுக்குள்ளே துடைக்கிற துணியை விட்டுவிட்டு மூடிவிட்டார். அந்தத் துணி ஆயில் உறிஞ்சுகிற வாயில் போய் அடைத்தது. லாரன்ஸ் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் குமரேசனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார், மகள் கல்யாணத்துக்குப் போய் மொய் வைத்தார், ஆனால் அதற்கப்புறம் ஒரு எஞ்சினையும் அவர் தொடும்படி விடவில்லை. அதை இங்க வை, இதைப் பிடி, வாசலைக் கூட்டு. ஒன்றரை வருஷம் அப்படியே இருந்துவிட்டு ஒரு நாள் குமரேசன் சோத்து டப்பாவை எடுத்துக்கொண்டு போனார், போய்ட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லவில்லை. துளசிமணி பதினோரு வருஷம் டீசல் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நகக்கண்ணில் கறுப்பு ஏறி, சோறு பிசைகிற கையில் டீசல் வாசம் வந்து, நீ பிசைஞ்சு தராதே என்று மகள் சொல்லி, எல்லாம் ஆன பிறகு, போன ஆடியில்தான் லாரன்ஸ் அண்ணன் எல்-கீயை அவள் கையில் கொடுத்தார், உன் கை சின்னக் கை, அவசரப்படாத கை என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் அவன் எதையாவது சொல்லி அதைக் கெடுத்துவிடுவான். இப்போது சொன்னால் அந்த எல்-கீ போய்விடும். சொல்லாவிட்டால், பிளக் சரியாக இருந்துவிட்டால், போகாது. சொல்லி, பிரித்துப் பார்த்து, சரியாக இருந்தால்? அப்போதும் போய்விடும். தான் எண்ணியதைத் தானே நம்பாத கையிடம் யார் கொடுப்பார்கள்?

வயரிங் செய்கிற ஷாஜகான் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தான். துளசிமணி கார்புரேட்டர் கிண்ணத்தைக் காய வைக்கிற சாக்கில் எழுந்து அவனிடம் போனாள். முதலில் பேட்டரி கனமா என்று கேட்டாள். அப்புறம் அவன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டாள். அப்புறம்தான் செவ்வாய்க்கிழமை பிளாக்கை நிமிர்த்தியது அவனா, எப்போது நிமிர்த்தினான் என்று, ஏதோ அவன் சட்டை நிறத்தைக் கேட்பது மாதிரி கேட்டாள்.

“செவ்வாக்கிழமையா? அன்னைக்கு என்ன கொழம்பு வெச்சேன்னு எங்கூட்டுக்காரி கேட்டாலே எனக்குச் சொல்லத் தெரியாதுக்கா” என்றான் ஷாஜகான். “நிமுத்துனது நாந்தான். ஸ்டார்ட்டர் வர்ற எடத்தை அளக்கறதுக்கு நிமுத்துனேன். நீங்க வெளிய இட்லிச் சட்டிக்குப் பஞ்சாயத்துப் பண்ணிட்டிருந்தீங்களே, அப்பவா, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா, அதெல்லாம் யாரு கண்டா? ஏன், எதுனா ஆயிப்போச்சா?”

ஒன்றுமில்லை, சும்மாதான் என்று சொல்லிவிட்டு அவள் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வெளியே இட்லிச் சட்டிக்குப் பஞ்சாயத்து என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்திருந்தால் அப்போது அவன் பிளாக்குக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான், வாசலுக்குப் பக்கத்தில்தானே பெஞ்ச். ஆனால் அவள் திரும்பி வந்த பிறகு அந்த மூடிக் கதையை அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாளே, அதைக் கேட்டும் தெரிந்திருக்கலாம். எதைப் பிடித்தாலும் அது பாதியில் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நஞ்சப்பன் சார் வந்துவிட்டார், வெள்ளை வேட்டி, கையில் பூக்கூடை, பின்னால் அவர் மனைவி தேங்காயும் எலுமிச்சையும் எடுத்துக்கொண்டு. எஞ்சினின் மேல் மூடிக்கு அவர் தன் செலவில் முலாம் பூசிக் கொண்டுவந்திருந்தார், அது கண்ணாடி மாதிரி மின்னியது, அதன்மேல் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்து மல்லிகைச் சரம் போட்டார். வழக்கமாக முதல் தடவை ஓடவிடும்போது லாரன்ஸ் அண்ணன் அந்த மேல் மூடியைப் போடமாட்டார், உள்ளே வால்வுகளை அழுத்துகிற ராக்கர்கள் தலையாட்டுவதையும் எண்ணெய் ஏறி வழிவதையும் பார்த்துவிட்டுத்தான் மூடுவார். இன்றைக்குப் பூ வைத்த மூடியைக் கழற்றச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மணி பத்து. ராக்கருக்கு எண்ணெய் எங்கிருந்து போகிறது? அவள் பிரஷ்ஷை நிறுத்தினாள். போன வாரம் அந்த முன்பக்கத்துத் துவாரத்தில் நீளப் பிரஷ்ஷை விட்டுக் காற்றடித்தபோது மேலே ஒரு சின்னத் துவாரத்திலிருந்து டீசல் பீய்ச்சி அவள் கண்ணில் அடித்தது, அரை மணி நேரம் எரிந்தது. முதல் பேரிங்குக்குப் போகிற அதே கிளைதான் மேலேயும் ஏறுகிறது. ஒரே வாய், அதிலிருந்து கீழே ஒன்று, மேலே ஒன்று. அவள் கண் எரிந்ததில் சந்தேகமில்லை, அதை யாரும் இரண்டாகப் பிரிக்கமுடியாது. பிளக் அந்த வாயை அடைத்திருந்தால் மேலே ராக்கருக்கு ஒரு சொட்டுகூட வராது. மேலே பார்த்தால் போதும். ஆனால் எஞ்சின் ஓடும்போது பார்த்து என்ன பயன்? அது ஓடத் தொடங்கிய நிமிஷத்திலிருந்தே பேரிங் காயும். ஓடாமல் சுற்றவேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றவேண்டும், பம்ப் எண்ணெயைத் தள்ளவேண்டும், தீ மட்டும் பிடிக்கக்கூடாது.

நஞ்சப்பன் சார் கற்பூரத்தைக் கொளுத்தினார், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள், லாரன்ஸ் அண்ணன் தன் வழக்கப்படி நெற்றியிலும் நெஞ்சிலும் தொட்டுக்கொண்டார். துளசிமணி கண்ணை மூடவில்லை. எஞ்சினுக்கு அந்தப் பக்கமாகப் போய், டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவில் குத்தியிருந்த, தீப்பொறிக்குக் கரண்ட் கொண்டுவருகிற தடித்த ஒயரைப் பிடித்து இழுத்தாள், அதன் மறுமுனையை காயிலிலிருந்தும் உருவினாள், முழங்கை நீள ஒயர், சுருட்டி உள்ளங்கையில் அடக்கிக்கொண்டாள். அப்புறம் மேல் மூடியில் எண்ணெய் ஊற்றுகிற சின்ன மூடியைத் திறந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றி உள்ளே விட்டு, கைக்கு எட்டிய முதல் ராக்கரின் தலையை அழுந்தத் துடைத்தாள். பொருத்தும்போது தடவிய எண்ணெய் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. மூன்று தடவை துடைத்தாள். சார் மனைவி அவளைப் பார்த்துவிட்டு, என்னம்மா பண்றே என்றாள். பூ நாரு உள்ள விழுந்துருச்சுங்க என்றாள் துளசிமணி, பொய் இத்தனை சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஷாஜகான் ஸ்விட்சைத் திருகினான். எஞ்சின் ரர் ரர் ரர் என்று சுற்றியது, தீப்பிடிக்கவில்லை. நிறுத்தினான். அவள் விரலை விட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. முதல் தடவை அப்படித்தான் இருக்கும், காலியான துவாரம் நிறைவதற்கு நேரமாகும். மீட்டர் முள் எழும்பியிருப்பதை லாரன்ஸ் அண்ணன் சாருக்குக் காட்டி, ஆயில் பிரஷர் நல்லாருக்குதுங்க என்று சொன்னது காதில் விழுந்தது. இரண்டாம் தடவை இன்னும் அதிக நேரம் சுற்றினான். விரல் காய்ந்திருந்தது. மூன்றாம் தடவைக்குப் பேட்டரி முனகத் தொடங்கியது. அவன் நிறுத்தியதும் விரலை உள்ளே விட்டு ராக்கரின் தலையை, அதன் ஓட்டையை, பக்கத்து ராக்கரை, எல்லாவற்றையும் தடவினாள். காய்ந்த இரும்பு, நாக்கு காய்ந்த மாதிரி. ஷாஜகான் குனிந்து ஒயர்களைப் பார்த்தான், நடு ஒயரைக் காணோமே என்றான்.

எல்லோரும் பார்த்தார்கள். துளசிமணி ஒரு கையில் ஒயரை மூடிக்கொண்டு, மறு கையின் எண்ணெய் படாத சுட்டுவிரலை லாரன்ஸ் அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் அந்த விரலைப் பார்த்தார், திறந்திருந்த எண்ணெய் மூடியைப் பார்த்தார், பிறகு முன் மூடியைப் பார்த்தார்.

“எத்தனை சுத்து விட்டே?” என்றார், மெதுவாக.

“தெரியலீங்கண்ணா.”

அவர் முகம் மாறியதா என்று அவள் பார்க்கவில்லை. இன்னிக்கு வேண்டாங்க சார், திங்கக்கிழமை பாத்துக்கலாம் என்று அவர் நஞ்சப்பன் சாரிடம் சொல்வது கேட்டது, நேரம் நல்லாருக்குதே லாரன்ஸ், இன்னும் பத்து நிமிஷம் இருக்குதே என்று சார் வாட்சைக் காட்டுவது கேட்டது, நேரம் நல்லாத்தானுங்க இருக்குது என்று இவர் சொன்னதும் கேட்டது. ஷாஜகான் ஒயருக்காகக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. கொடுத்தால் யாராவது, இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துரலாம் என்று சொல்லிவிடுவார்கள், அவளும் ஆச்சுங்க என்று சொல்லிவிடுவாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். லாரன்ஸ் அண்ணன் ஸ்பேனரை எடுத்துவந்து, எஞ்சினுக்கு முன்னால் முட்டிபோட்டு, முன் மூடியின் நட்டில் மாட்டி அழுத்தினார். நட்டு கிறீச்சென்று கழன்று தரையில் உருண்டது. அதன் பிறகுதான் துளசிமணி ஒயரை நீட்டினாள்.